ஹீத்ரோ – ஜேஎஃப்கே: தூரம் மூன்று விதம், நேரம் நாலு விதம். எதை நம்புவது?

மார்ச் 4, 2025, காலை 9.10 (கேள்வி)

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே எவ்வளவு தூரம்னு தேடினேன். ஒரு பக்கம் 5,540 கி.மீ. போட்டிருக்கு, இன்னொண்ணு 5,555 கி.மீ., மூணாவது வெறும் 2,999. நேரம் அதைவிட மோசம். ஒருத்தர் 6 மணி 54 நிமிஷம்கிறார், இன்னொருத்தர் 7 மணி 24 நிமிஷம்கிறார். டிக்கெட் பக்கத்தில் போக 8 மணி, திரும்ப 7 மணி. அதே ரெண்டு ஊர், அதே ரக விமானம். யாரோ ஒருத்தர்தானே சரியா இருக்க முடியும்? மத்தவங்க எல்லாம் அடிச்சு விடறாங்களா? இறங்கினதும் ரயில் பிடிக்கணும், அதான் கேக்கறேன்.

மார்ச் 4, பகல் 1.35

யாரும் அடித்து விடவில்லை. மூன்று தூரமும் சரி.

5,540 என்பது பூமியைச் சரியான உருண்டையாக, ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்துப் போட்ட கணக்கு. இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப் பள்ளிக்கூட சைன், காஸைனில் போட்டால் இதுதான் வரும். நானே போட்டுப் பார்த்தேன், 5,539.5 வந்தது. ஆனால் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. மையத்திலிருந்து நடுக்கோடு 6,378 கி.மீ., துருவம் 6,357 கி.மீ. இந்தத் தட்டையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 5,555. இந்த 5,555-ஐ 1.852-ஆல் வகுத்தால் 2,999 கடல் மைல். விமானிகள் புழங்குவது கடல் மைல்தான். அலகைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டவர்மேல் கோபப்படலாம், அதில் நியாயம் இருக்கிறது.

இதே தூரத்தைத் தரை மைலில் சொன்னால் 3,451. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நேரக் கணக்குக்கு வேண்டும்.

5,540-க்கும் 5,555-க்கும் நடுவே இருக்கும் 15 கிலோமீட்டரை விமானம் ஒரே நிமிடத்தில் தாண்டிவிடும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 4, இரவு 10.50

ஒன்று விட்டுப்போனது. "விமான நிலையத்திலிருந்து" என்றால் நிலையத்தில் எந்த இடத்திலிருந்து? ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுமையத்தை ஒட்டி இருக்கும். தூரம் காட்டும் பக்கங்கள் ஒரு நிலையத்தின் புள்ளியிலிருந்து அடுத்ததன் புள்ளி வரைதான் அளக்கின்றன. நீங்கள் உட்கார்ந்திருக்கும் விமானம் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்புவதுமில்லை, அந்தப் புள்ளியில் இறங்குவதுமில்லை.

ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் நிலையத்தில் போல்டர்பான் என்று ஓர் ஓடுபாதை இருக்கிறது, 2003-இல் திறந்தது. அதில் இறங்கினால் முனையக் கட்டடத்துக்கு ஊர்ந்து வந்து சேரவே 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும். சன்னல் வழியாகப் பார்த்தால் கீழே நெடுஞ்சாலை போகும், விமானம் பாலத்தின்மேல் உருண்டுகொண்டிருக்கும். முதல் தடவை அதில் இறங்கியபோது, தரைவழியாகவே அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறார்களோ என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். பெருவட்டக் கணக்கில், அதாவது உருண்டையின்மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள குறுக்குவழியை அளக்கும் கணக்கில், இந்தத் தூரத்துக்கு இடமில்லை.

மார்ச் 5, காலை 7.20

இப்போது நேரம். 6 மணி 54 நிமிடம் எங்கிருந்து முளைத்தது என்று தேடிக்கொண்டிருந்தேன், பிடிபட்டுவிட்டது. 3,451-ஐ 500-ஆல் வகுத்துப் பாருங்கள்: 6.902 மணி, அதாவது 6 மணி 54 நிமிடம். மணிக்கு 500 மைல், ஏறத்தாழ 805 கி.மீ. என்று எல்லா விமானத்துக்கும் ஒரே வேகத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் அதோடு ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்திருக்கிறது: 7 மணி 24. இரண்டு பக்கமும் ஒரே சமையல்தான். நிஜ விமானம் ஒன்றைக்கூட எட்டிப் பார்க்காமல் வந்த எண்கள். எந்த இரண்டு நிலையத்தைக் கொடுத்தாலும், ஆடியிலும் தையிலும், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும், இதே விடைதான் கொடுக்கும்.

டிக்கெட்டில் இருப்பது வேறு சரக்கு. விமானம் வாயிலிலிருந்து பின்னுக்கு நகரும் நொடியிலிருந்து, போய்ச்சேர்ந்த ஊரில் வாயிலில் நின்று சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் நொடி வரை. இதைப் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் காத்திருப்பது, வானில் பறப்பது, இறங்கி மறுபடி ஊர்வது எல்லாம் இதற்குள் அடக்கம். காற்றில் இருக்கும் நேரத்தைவிட இது அரை மணியாவது கூடும். நெரிசலான நிலையங்களில் இன்னும் கூடும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பறக்கும்போதெல்லாம் நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்வேன்: வாயிலை விட்டது, தரையை விட்டது, தரையைத் தொட்டது, வாயிலுக்கு வந்தது. விமானமே இந்த நான்கையும் தானாகக் குறித்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். நான் செய்வது வெறும் பொழுதுபோக்கு. பழைய நோட்டைப் புரட்டினால், காற்றில் இருந்த நேரம் பெரிய அளவில் மாறாத வழிகளில்கூட முதல் இடைவெளி, அதாவது வாயிலிலிருந்து ஓடுபாதைக்குப் போகும் நேரம், தாறுமாறாக ஆடுகிறது. ஒரு மாலை ஒரு பெரிய நிலையத்தில் முன்னால் வரிசையில் நின்ற விமானங்களின் வால்களை எண்ணிக்கொண்டே முக்கால் மணி போயிற்று. அதே நிலையத்தில் இன்னொரு நாள் விடியலில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 6, இரவு 9.05

போக 8, வர 7 ஏன் என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். காற்று.

வட அட்லாண்டிக்குக்கு மேலே, பயணிகள் விமானம் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. எண்ணில் பாருங்கள். அசையாத காற்றில் விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வையுங்கள். காற்று மணிக்கு 100. எதிர்காற்றில் 5,555-ஐ 800-ஆல் வகுக்க வேண்டும்: 6 மணி 57 நிமிடம். பின்காற்றில் 1,000-ஆல்: 5 மணி 33. இடையே 84 நிமிடம். ஊர்வதையும் கொஞ்சம் தாராளத்தையும் சேர்த்தால் உங்கள் டிக்கெட் எண்கள் வந்துவிடுகின்றன.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 12 மணி 30. காற்றே இல்லாவிட்டால் போகவர 12 மணி 21. காற்று அடித்தால் மொத்தத்தில் எப்போதும் நட்டம்தான், ஏனென்றால் எதிர்காற்றில் நீங்கள் செலவழிக்கும் நேரம் அதிகம்.

இந்தக் காற்றை 1920-களிலேயே அளந்தவர் ஓயிஷி வசாபுரோ என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். பலூன் விட்டு, அது போகும் போக்கைப் பார்த்து அளந்தார். முடிவை 1926-இல், உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகமே படிக்கட்டும் என்று நினைத்திருப்பார். வெளியே யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்காற்றில் திணறியபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 ஜேஎஃப்கேயிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. சியாரா புயல் சமயம். தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. நம்முடைய 6 மணி 54 நிமிடப் பக்கத்துக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

மார்ச் 6, இரவு 11.40

"1,300 என்றால் ஒலியின் வேகத்தையே தாண்டிவிட்டதே?" இல்லை. அந்த உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி என்றால் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கி.மீ. சொச்சம். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அதற்குக் கீழேதான் போனது. காற்றே முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்து தெரிகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 7, காலை 8.15

எதிர்பார்த்தது வந்துவிட்டது: "பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, அதனால்தான் ஒரு திசையில் நேரம் கூடுகிறது."

இல்லவே இல்லை. நடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. விமானம் அதைக் கழித்துக்கொள்ளவோ கூட்டிக்கொள்ளவோ வேண்டியிருந்தால் ஒரு மணி வித்தியாசத்தோடு நிற்காது. கிழக்கே போகிற விமானம் ஊரைப் பிடிக்கவே முடியாது. காற்றுமண்டலம் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது. கிளம்பும்போதே விமானத்துக்கும் அந்த வேகம் இருக்கிறது. நமக்கு எட்டும் வித்தியாசம், காற்று தரையைவிட எவ்வளவு முந்துகிறது என்பது மட்டும்.

இந்தத் தவறு செய்தித்தாள்களிலேயே வந்தது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ., புது வழி சுமார் 15,300. 1,400 கி.மீ. கூடுதல், ஆனாலும் பதினாலரை மணியில் போய்விட்டது, முன்பைவிடச் சீக்கிரம். உடனே "பூமி சுற்றும் திசையில் பறப்பதால் வேகம்" என்று விளக்கம் எழுதினார்கள். பின்காற்றுதான் காரணம். பூமியின் சுழற்சிக்கு இதில் ஒரு பங்கு உண்டு: ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதே அந்தச் சுழற்சியால். அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இழைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தூரம் கூடியது, நேரம் குறைந்தது. தூரத்தை ஒரு வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் எந்தப் பக்கமும் இந்த இரண்டு வழிகளில் தப்பான வழியைத்தான் கைகாட்டியிருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு, மாலை 6.30

"நேற்றுவரை 8 மணி நேரம் காட்டிய விமானம் இன்று 9 மணி நேரம் ஆகிறது, என்ன ஆயிற்று?" விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று விடிகாலை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு, அதாவது 30-ஆம் தேதிதான் தள்ளுவார்கள். நடுவில் உள்ள மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் 5 மணி இல்லை, 4 மணி.

லண்டனில் 11 மணிக்குக் கிளம்பி 8 மணி நேரம் பறந்தால் லண்டன் கணக்கில் இரவு 7. நேற்று அது நியூயார்க்கில் பகல் 2 மணி. இன்று பகல் 3 மணி. நீங்கள் 11-லிருந்து 3 வரை 4 மணி என்று எண்ணி, பழைய வழக்கப்படி 5-ஐக் கூட்டி 9 ஆக்கிவிட்டீர்கள். இலையுதிர் காலத்தில் இதே கூத்து ஒரு வாரம் நடக்கும்: ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு.

நான் செய்வது: கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் அந்தந்தத் தேதிக்கு யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பேன். மண்டல வித்தியாசத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்வதே ஆபத்து. அரை மணி, முக்கால் மணி மண்டலங்கள் வேறு இருக்கின்றன. இந்தியா ஐந்தரை, நேபாளம் ஐந்தே முக்கால்.

மார்ச் 12, இரவு 10.10

நேற்று ஒருவர் தனிமடலில், "தாமதமாகக் கிளம்பினோம், ஆனால் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தோம் என்று விமானி பெருமையாக அறிவித்தார். எப்படி?" என்று கேட்டார்.

அட்டவணையில் ஏற்கெனவே கூடுதல் நேரத்தைச் சொருகி வைத்திருப்பார்கள். அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வாயிலுக்கு வந்தால் "சரியான நேரம்" என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கு; வேறு பல இடங்களிலும் அதே அளவுகோல்தான். பிளாக் டைமைக் கொஞ்சம் தாராளமாக எழுதிவிட்டால் பெயரும் நன்றாக இருக்கும், அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டிய பயணியும் தப்புவார். இதை ஏமாற்று என்று முன்பு நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு நாளும் காற்று மாறும், வரிசை மாறும். அட்டவணையில் எழுதுவதோ ஒரே எண். சராசரியை எழுதினால் கிட்டத்தட்ட பாதி நாள் தாமதம் என்றாகிவிடும். ஆக, டிக்கெட்டில் இருக்கும் எண் மோசமான நாட்களில் பெரும்பாலானவற்றையும் சேர்த்து விழுங்கிய எண்.

முன்னால் போய்ச் சேர்ந்தால் பெருமை என்பதும் அரைகுறைதான். ஒரு தடவை அரை மணி முன்னதாக இறங்கி, வாயிலில் முந்தைய விமானம் இன்னும் நிற்கிறது என்று சொல்லி ஓரமாக நிறுத்திவிட்டார்கள். என் நோட்டில் தரை தொட்ட நேரம் அபாரம், வாயிலுக்கு வந்த நேரம் அட்டவணைப்படி.

மார்ச் 13, காலை 7.45

5-ஆம் தேதி சொன்ன "805 கி.மீ. வேகம், பிறகு அரை மணி" சூத்திரத்தைக் கிண்டல் செய்தேனே, அது நீண்ட வழிகளுக்கு அப்படியொன்றும் மோசமில்லை என்று ஒருவர் வக்காலத்து வாங்கியிருக்கிறார். உண்மை. காற்று சும்மா இருந்தால் தேறும். குறுகிய வழியில் வைத்துப் பாருங்கள். ஹீத்ரோ – பாரிஸ் சார்லஸ் டிகோல் சுமார் 350 கி.மீ. சூத்திரம் சொல்வது 56 நிமிடம். அட்டவணையிலோ ஒன்றேகால் மணிக்குக் குறைவதில்லை.

காரணம் இது. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல், அதாவது 200 கி.மீ. ஏறவும் ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். 350 கி.மீ. வழியில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். உச்ச உயரத்துக்குப் போவதே இல்லை. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக வேக வரம்பு 250 நாட், மணிக்கு 463 கி.மீ. அதனால் சராசரியில் அந்த 805 வரவே வராது.

என் திருத்தம்: 1,500 கி.மீ.க்குக் கீழே உள்ள வழிகளுக்கு வகுத்தல் கணக்கையே தொடாதீர்கள், அட்டவணையைப் பாருங்கள். அதற்கு மேல் போனால் 850-ஆல் வகுத்து முக்கால் மணி கூட்டினால் பிளாக் டைமுக்குப் பக்கத்தில் வரும். கிழக்கே, மேற்கே என்றால் காற்றுக்காக மறுபடி திருத்த வேண்டும். வடக்கு தெற்காகப் போகும் வழிகளில் இந்தத் தொந்தரவு குறைவு.

மார்ச் 13, காலை 7.52

குறுகிய வழி என்றதும் ஞாபகம் வந்தது. ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே: 2.7 கி.மீ., அட்டவணையில் இரண்டு நிமிடம், சாதனை 53 நொடி. உலகின் மிகக் குறுகிய பயணிகள் சேவை. இதற்கு அந்த அரை மணி சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்!

மார்ச் 16, பிற்பகல் 3.20

"வரைபடத்தில் நேர்கோடு போட்டால் கடலுக்கு நடுவே போகிறது, விமானம் ஏன் வடக்கே கிரீன்லாந்துப் பக்கம் வளைந்து போகிறது? சுற்றுவழிதானே?" சுற்றுவழி வரைபடத்தில்தான். உருண்டையை விரித்துத் தட்டையாக்கியதால் அப்படித் தெரிகிறது. ஓர் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அந்த வளைவுதான் குறுக்குவழி என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அந்த நூல்தான் பெருவட்டம்.

ஆனால் நூல் வழியே அப்படியே பறக்கிறார்களா என்றால், இல்லை. வட அட்லாண்டிக்கில் ரேடார் எட்டாத நடுக்கடல் உண்டு. அங்கே தினம் இருமுறை தடங்களை வகுத்து அறிவிக்கிறார்கள். பகலில் மேற்கே போக ஒரு கொத்து, இரவில் கிழக்கே வர ஒரு கொத்து. அன்றைய காற்றைப் பார்த்து, கிழக்கே வரும் தடங்கள் ஜெட் ஸ்ட்ரீமைப் பிடிக்கும்படியும் மேற்கே போகும் தடங்கள் அதற்கு ஒதுங்கியும் வகுப்பார்கள். அதனால் ஹீத்ரோ – ஜேஎஃப்கே நேற்று போன வழியில் இன்று போகாது. 5,555-ஐவிட எப்போதும் கொஞ்சம் கூடத்தான் பறக்கும்.

இரண்டு என்ஜின் விமானத்துக்கு இன்னொரு கட்டு: ஒரு என்ஜின் நின்றால் குறித்த நேரத்துக்குள் போய் இறங்க ஒரு நிலையம் இருக்க வேண்டும். பழைய விதி 60 நிமிடம். 1985-லிருந்து படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஏர்பஸ் ஏ350-900-க்கு இப்போது 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. விதி தளர்ந்ததால் பல கடல்வழிகள் உண்மையிலேயே குறுகின. இதில் மட்டும் நிலம் அசையாமலே, பறக்கும் தூரம் குறைந்தது.

பிறகு அரசியல். 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கி – டோக்கியோ பெருவட்டத்தில் 7,800 கி.மீ. சொச்சம், முன்பு ஒன்பதரை மணி போல ஆகும். இப்போது 13 மணியை ஒட்டி ஆகிறது. சில நாள் வட துருவத்தையே சுற்றிக்கொண்டு போனார்கள். தூரப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், இன்னும் அதே 7,800. பெருவட்டத்துக்குப் போர் தெரியாது. 1957-இல் எஸ்ஏஎஸ் என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குத் துருவ வழியைத் திறந்ததும் சோவியத் வான்வெளியைத் தவிர்த்துத்தான். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறோம்.

மார்ச் 17, இரவு 8.40

மனக்கணக்கு பிடித்தவர்களுக்கு ஒன்று. சிங்கப்பூர் – ஜேஎஃப்கே. சிங்கப்பூர் சாங்கி கிழக்கே 104 பாகை, ஜேஎஃப்கே மேற்கே 74 பாகை. கூட்டினால் 178, கிட்டத்தட்ட பூமிக்கு நேர் எதிர்ப்பக்கத் தீர்க்கரேகைகள். அப்படியானால் குறுக்குவழி வட துருவத்தை ஒட்டிப் போகும். சாங்கியிலிருந்து துருவம் 88.6 பாகை, துருவத்திலிருந்து ஜேஎஃப்கே 49.4 பாகை. மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் 15,346. வெளியிட்டிருக்கும் தூரம் 15,349. கால்குலேட்டரே வேண்டாம்.

சரி, விமானம் துருவத்துக்கு மேலே போகிறதா? வழக்கமாக இல்லை. அன்றைய காற்றைப் பார்த்து ஒருநாள் பசிபிக் பக்கம், ஒருநாள் அட்லாண்டிக் பக்கம். இரண்டு பக்கமும் தூரம் பெரிய அளவில் மாறாது என்பதால் இந்த வழிக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. அட்டவணை நேரம் கிட்டத்தட்ட 19 மணி. என் 850 சூத்திரத்தில் போட்டேன்: 18 மணி 48 நிமிடம். இவ்வளவு நன்றாகப் பொருந்தியதில் எனக்கே சந்தேகம்தான், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும்.

மார்ச் 21, காலை 6.55

"இவ்வளவு தொழில்நுட்பம் வந்தும் 1960-களில் ஆன நேரமே ஏன் இன்னும் ஆகிறது?"

ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்றின் தடை ஒரேயடியாக எகிறும். ஏ320, 737 எல்லாம் ஒலியின் 0.78 பங்கு, 787, ஏ350 எல்லாம் 0.85. மணிக்கு 828 கி.மீ.க்கும் 903 கி.மீ.க்கும் இடையே. அறுபதுகளின் 707-உம் இந்த வட்டாரத்தில்தான் பறந்தது. முன்னேற்றம் எல்லாம் எரிபொருளிலும் சத்தத்திலும் தூரத்திலும் போயிற்று. ஒலியின் வேகத்தையே தாண்டிப் பறந்த கான்கார்ட் விமானம் 1996 பிப்ரவரி 7 அன்று ஜேஎஃப்கேயிலிருந்து ஹீத்ரோவுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் வந்தது. 2003-இல் ஓய்வு பெற்றுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நிமிடத்தின் செலவையும் ஒரு கிலோ எரிபொருளின் செலவையும் ஒப்பிட்டு ஒரு குறியீட்டு எண்ணை விமானக் கணினியில் போடுவார்கள். எரிபொருள் விலை ஏறினால் எண்ணைக் குறைப்பார்கள், விமானம் கொஞ்சம் மெதுவாகப் போகும். தாமதமாகிவிட்டால் கூட்டலாம். ஆனால் ஏழு மணிப் பயணத்தில் இப்படி மீட்கக்கூடியது சில நிமிடங்கள்தான். "வழியில் வேகமாகப் போய் ஈடுகட்டிவிடுவோம்" என்று விமானி சொன்னால், பெரும்பாலும் அட்டவணையில் சொருகிய நேரத்தைத்தான் சொல்கிறார்.

உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகி தூரம் கூடுமே என்றும் கேட்டிருந்தீர்கள். கூடும். 11 கி.மீ. உயரத்துக்கு, 5,555 கி.மீ. வழியில், 10 கி.மீ.கூட வராது. 4-ஆம் தேதி சொன்ன அந்த ஒரு நிமிட வகையறாதான்.

மார்ச் 30, ஞாயிறு, இரவு 9.25

ஐரோப்பாவும் கடிகாரத்தைத் தள்ளிவிட்டது. மறுபடி 5 மணி வித்தியாசம். இன்றுதான் விமான நிறுவனங்களின் கோடைக்கால அட்டவணையும் தொடங்குகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனி வரை ஓடும். குளிர்காலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் வலுவாக இருப்பதால் மேற்கே போகும் பிளாக் டைமைக் குளிர்கால அட்டவணையில் கூட்டி எழுதுவார்கள். ஆகவே மேலே நீங்கள் கொடுத்த 8-உம் 7-உம் இந்தப் பருவத்தில் சில நிமிடம் மாறியிருக்கலாம், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் ரயில் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே. தூரப் பக்கத்தை மூடிவிட்டு, விமானத் தடம் காட்டும் தளத்தில் அதே எண்ணுள்ள விமானம் கடந்த இரண்டு வாரமாக வாயிலுக்கு எப்போது வந்தது என்று பாருங்கள். தரை தொட்ட நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சராசரியை எடுக்காமல், மோசமான இரண்டு மூன்று நாட்களை எடுங்கள். அதற்கு மேல் குடிவரவு வரிசையும் பெட்டியும் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தச் சூத்திரமும் என்னிடம் இல்லை.

மார்ச் 31, காலை 7.05

"கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேரும் விமானம் உண்டா?" உண்டு. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோ. பறப்பது முக்கால் மணிகூட இல்லை. சமோவா 2011 டிசம்பர் 30-ஐயே நாட்காட்டியிலிருந்து தூக்கிவிட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியது. இப்போது யூடிசியோடு 13 மணி கூட்டுகிறது. அமெரிக்க சமோவா 11 மணி கழிக்கிறது. வித்தியாசம் சரியாக 24 மணி. செவ்வாய் காலை 10-க்குக் கிளம்பினால் திங்கள் காலை பத்தே முக்காலுக்குள் அங்கே இருப்பீர்கள். கடிகாரத்தை மட்டும் வைத்துக் கழித்தால் பயண நேரம் மைனஸ் 23 மணி சொச்சம். திரும்பி வரும்போது அதே வழிக்கு 24 மணிக்கு மேல் காட்டும். ஜெட் ஸ்ட்ரீமைக் குறை சொல்லாதீர்கள்.